மூன்றாம் வருஷத்துப் பேரிக்காய்

கல்லத்திப்பட்டில் பேரிக்காய் தின்றிருந்த ஒரே மனுஷி திரௌபதிதான். அதனால்தான் அவளை யாரும் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேர் தின்றிருந்தால் மூன்று பேருமாகச் சேர்ந்து சத்தம் போட்டிருக்கலாம். ஒற்றை ஆள் பேச்சைக் கேட்டு ஒன்பது வருஷம் ஒரு மரத்தை நிற்கவிட்டதே இந்த ஊர் செய்த புண்ணியம் என்று அவளுடைய ஓரகத்தி செல்லம்மா சொல்லிக்காட்டுவாள். செல்லம்மா எதையும் சொல்லாமல் விட்டவள் இல்லை.

தின்றது 1934-ல். வயிற்றிலேயே பிள்ளை செத்து, கொதிக்கிற ஜுரத்தோடு திரௌபதியை மூங்கிலில் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கினார்கள். அமிர்திக் காடு தாண்டி, கணியம்பாடியில் ஒரு மாட்டு வண்டி பிடித்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பதினோரு நாள் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கிருபாவதி என்கிற நர்ஸ், ஏற்காட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தன் தம்பி கொண்டுவந்திருந்த பழம் ஒன்றைக் கீறி, ஒரு துண்டை அவள் வாயில் வைத்தாள். மெத்தென்று இருந்தது. சாறு தொண்டையில் இறங்கியது. திரௌபதி வாந்திக்காகக் காத்திருந்தாள், வரவில்லை. இன்னொரு துண்டு கேட்டாள். செத்துப்போன பிள்ளையை நினைத்து அவள் அழுததும் அன்றைக்குத்தான். அதுவரை அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"இது இன்னா பழம்மா?"

"பேரிக்காய்."

"இதோட செடி எங்க வாங்கறது?"

கிருபாவதி சிரித்தாள். உடம்பு தேறிய பிறகு பேசலாம் என்றாள். உடம்பு தேறியது, திரௌபதி பேச்சை விடவில்லை. அழைத்துப் போக வந்த புருஷன் லட்சுமணனிடம், செடி கைக்கு வராமல் மலையேற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "பொண்டாட்டிய கூட்டினு போலாம்னு வந்தா செடிக்கு காவல் உக்கார வச்சிட்டா" என்று அவன் ஆஸ்பத்திரி வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பியபடி ஒன்பது நாள் கிடந்தான். கடைசியில் கிருபாவதியின் தம்பி ஜெபதுரை ஈரச் சாக்கில் சுற்றிய ஒட்டுச் செடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எப்படி நடுவது, எவ்வளவு தண்ணீர், எத்தனை வருஷத்தில் காய்க்கும் எல்லாம் சொன்னான். "கிளைங்க நேரா மேல மேல போவும்மா. கல்லு கட்டித் தொங்கவுடுங்க. கிளை படுத்தாத்தான் காய் புடிக்கும்" என்றான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஏற்காட்டில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் அதை ஒரு விஷயமாகவே அவன் நினைக்கவில்லை.

திரௌபதி செடியைத் தலையில் வைத்து இரண்டு நாள் நடந்து ஊர் வந்தாள். வீட்டுக்குப் பின்னால், சுனைத் தண்ணீர் கசியும் சரிவில் நட்டாள். ஆடு வாய் வைக்காமல் இருக்க முள்ளடைப்பு போட்டாள். கரையான் ஏறினால் சாம்பல் கொட்டினாள். மூன்றாம் வருஷம் கிளைகள் நிமிர்ந்து போனபோது கயிற்றில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டாள். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

"இன்னாடி இது, மரத்துக்கு பாம்படம் போட்டுக் கீறே?" என்றாள் செல்லம்மா.

"கிளை படுத்தாத்தான் காய் புடிக்கும்."

"கல்லு கட்டின மரம் கல்லுதான் காய்க்கும். பார்த்துக்கினே இரு."

செல்லம்மா வாய் முகூர்த்தமோ என்னவோ, ஏழாம் வருஷம் மரம் காய்த்தபோது காய்கள் கல்லாகத்தான் இருந்தன.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லத்திப்பட்டு எல்லையில் வேடியப்பன் நடுகல் இருந்தது. வேடியப்பனுக்கென்று நேர்ந்துவிட்ட செவலைக் காளை ஒன்றும் இருந்தது. அதைக் காளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "சாமி வர்றாரு, வழிவுடு" என்பார்கள். சாமி யார் கொல்லையில் இறங்கி மேய்ந்தாலும் கோலெடுக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் கை அவர் மேல் படக் கூடாது. புதிதாக விளைந்த எதையும் முதலில் சாமி வாயில் வைக்க வேண்டும். சாமையோ பலாவோ, சாமி தின்ற பிறகுதான் ஊர் தின்னும். அவர் வாயிலிருந்து சிந்துவதை மடியேந்தி வாங்கி ஆளுக்குக் கொஞ்சமாய் வாயில் போட்டுக்கொள்வார்கள். சாமி தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை மனுஷர் தின்னக் கூடாது, ஆடு மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். மூன்று வருஷம் சாமி மறுத்த பொருள் ஊர் மண்ணில் நிற்கவே கூடாது.

படைக்கிற பழத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது மரத்திலேயே பழுத்திருக்க வேண்டும். வைக்கோலில் வைத்துப் பழுத்ததும் புகை போட்டுப் பழுத்ததும் மனுஷருக்குச் சரி, சாமிக்கு ஆகாது. அரிவாள் பட்டதும் ஆகாது. முழுசாகக் கொடுக்க வேண்டும். பலாவுக்கும் கொய்யாவுக்கும் இதெல்லாம் ஒத்துவந்தது. பேரிக்காய் என்ன செய்யும்? அது மரத்தில் பழுக்கிற ஜாதியே இல்லை.

இது யாருக்கும் தெரியாது. முதல் வருஷம் எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆடி போயிற்று, ஆவணி பாதி போயிற்று, காய் பச்சையாகவே நின்றது. பிறகு ஒருநாள் தானாக உதிர்ந்தது. வெளியே லேசாக மஞ்சள். படையலில் சாமி முகர்ந்து பார்த்து, மூச்சை ஊதி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளந்து பார்த்தால் நடுவில் காப்பித்தூள் நிறத்தில் அழுகல். அடுத்த வருஷம், மரத்தில் இதற்கு மேல் பழுக்காது என்று அழுகும் முன்பே பறித்துக் கொடுத்தார்கள். சாமி நாக்கால் உருட்டிப் பார்த்தார். பல்லுக்கு அகப்படாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. ஒருதரம் தரையில் முகர்ந்துவிட்டுப் போய்விட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றார் ஊர்க்கவுண்டர் அருணகிரி. கெட்ட மனுஷர் இல்லை. சாமியைக் கன்றிலிருந்து வளர்த்தவர் அவர்தான். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "அடுத்த வருஷமும் வேணான்னுட்டா கோடாலிதான். என் மேல வருத்தப்படாத."

திரௌபதி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, கூடை கூடையாக இருந்த காய்களை ஆட்டுக்குப் போட்டாள். பசுவுக்கு நாலாக நறுக்கிப் போட்டாள். போன கோடையில் அந்தப் பசுவுக்கு மாங்கொட்டை தொண்டையில் அடைத்து, அவளே கையை விட்டு எடுத்திருந்தாள். அன்றிலிருந்து உருண்டையாக எதையும் அவள் முழுசாகப் போடுவதில்லை. மிச்சத்தைப் பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சாமை வைக்கோல் போரில் கோபத்தோடு கொட்டினாள். ஊரார் பேசியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இது அவள் தின்ற பழம் இல்லை என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்ததுதான் உறைத்தது. ஜுரத்தில் எதையோ தின்று எதையோ நினைத்துக்கொண்டோமோ?

மூன்று வாரம் கழித்து, பெண்பன்றி கொட்டில் அடைப்பை முட்டிப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. துரத்திப் போன திரௌபதி, அது வைக்கோல் போருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். வாலைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. உள்ளேயிருந்து சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாசனை வந்தது.

அவள் வாலை விட்டுவிட்டாள். முழங்காலிட்டு வைக்கோலுக்குள் கையை விட்டாள். மஞ்சள் நிறத்தில், விரல் பட்டதும் குழைகிற ஒரு பேரிக்காய் கையோடு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகர்ந்த அதே வாசனை. வைத்துப் பழுக்கிற பழத்தை மரத்தில் பழுக்கச் சொல்லி இரண்டு வருஷம் தவம் கிடந்திருக்கிறோம்! பன்றிக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லை.

அவள் அதைத் தின்னவில்லை. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு பழத்தைப் பன்றிக்கே கொடுத்தாள். திருட்டுத்தனமாகத் தின்றால் நாளைக்கு நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியாது என்பது அவள் கணக்கு. பன்றி அவளைப் பார்த்துக்கொண்டே தின்றது.

அன்றைக்கே கவுண்டர் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, அது வச்சுப் பழுக்கிற பழம். வைக்கோல்ல போட்டா பழுக்குது. அடுத்த வருஷம் அப்பிடியே சாமிக்கு குடுத்துடலாங்க."

"வச்சுப் பழுத்தது சாமிக்கு ஆகாதும்மா."

"நறுக்கியாவது குடுக்கலாங்க. பல்லுக்கு ஆப்டும்."

"அருவா பட்டது ஆகாது. தெரிஞ்சிக்கினே கேக்கிறியே. எங்க தாத்தன் காலத்துல இல்லாதத நான் எப்பிடி செய்யட்டும்?"

"உங்க தாத்தன் காலத்துல பேரிக்காயே இல்லீங்களே மாமா!"

கவுண்டருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயமாகப் படுவதும் வழக்கமும் வேறு வேறு என்பது அவர் கட்சி. "உன் வூட்ல இன்னா வேணா பழுக்க வச்சிக்க. யாரும் துன்னாம இருந்தா சரி. படையலுக்கு மரத்துலேருந்து நான்தான் பறிப்பேன்" என்று முடித்துவிட்டார்.

திரௌபதி அத்தோடு விடுகிற ஆளா? ஒரு வருஷம் யோசித்தாள். சாமிக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் வழக்கம் இருக்கிறது. சாமி எதை முகர வேண்டும் என்று வழக்கம் இல்லை. படையல் நாளில் பழுத்த பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பது. வாசனைக்கு மாட்டின் வாயில் நீர் ஊறும். ஊறின வாயில் கவுண்டர் எந்தப் பேரிக்காயை வைத்தாலும் அது தின்னும். இதில் என்ன தப்பு? யாரும் சொல்லட்டும் பார்க்கலாம்.

1943-ஆம் வருஷம் மரம் பிய்த்துக்கொண்டு காய்த்தது. யுத்தத்தால் போளூர்ச் சந்தையில் அரிசி கண்ணில் படாத வருஷம் அது. மலையில் சாமையும் சரியாக இல்லை. பிள்ளைகள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு மரம் நிறையக் காய் தொங்குகிறது, ஒருவர் வாய் வைக்கக் கூடாது. திரௌபதிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இந்த வருஷம் மரம் போனால் அவளால் தாங்க முடியாது.

படையலுக்கு மூன்று வாரம் முன்பு, ஊர் பார்க்கவே, இருபது காய் பறித்தாள். காம்பு முறியாமல் தூக்கித் திருகிப் பறித்து, வீட்டு மூலைக் குதிரில் சாமை வைக்கோல் பரப்பி ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கினாள். பதினைந்தாம் நாளிலிருந்து வீடு மணக்க ஆரம்பித்தது. லட்சுமணன் குதிருக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று இடம் மாறிக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு குடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"சாமி துன்னட்டும்."

"சாமி துன்னுலன்னா?"

"துன்னுவாரு."

"உன்னோட பெரிய பேஜாரா போச்சு" என்று அவன் புரண்டு படுத்தான். குறை சொன்னானே தவிர, ஒன்பது வருஷமாக அந்த மரத்துக்குச் சுனைத் தண்ணீர் சுமந்ததில் பாதி அவன் தோள்தான்.

படையல் நாள் காலையில் ஊர் முழுக்க நடுகல் முன்னால் கூடியது. ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே. திரௌபதி மட்டும் துணி மூடிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கவுண்டர் அவளையும் கூடையையும் பார்த்தார். அவர் காலடியில் கோடாலி கிடந்தது. சாமி மறுத்தால் பொழுது சாய்வதற்குள் மரத்தை வெட்டிவிட வேண்டும் என்பதால் கையோடு கொண்டுவந்திருந்தார். கற்பூரத் தட்டில் அவர் பறித்த பேரிக்காய் மூன்று, கருங்கல்லாட்டம் பச்சையாக உட்கார்ந்திருந்தன.

மேளம் அடித்தார்கள். சாமி அசைந்து அசைந்து வந்தார். பத்தடி இருக்கும்போதே நின்றார். மூக்கு விரிந்தது. படையலைப் பார்க்கவே இல்லை, நேராகத் திரௌபதியின் கூடையை நோக்கி நடந்தார். வாயோரம் நூலாக எச்சில் வடிந்தது. கூடைக்கு ஒரு முழம் இருக்கும்போது கவுண்டர் குறுக்கே புகுந்து, கையிலிருந்த பச்சைக் காயைச் சாமியின் வாய்க்கு நேராக நீட்டினார்.

சாமி முகரக்கூட இல்லை. நாக்கைச் சுழற்றி வாங்கி, தலையைத் தூக்கி, ஒரே மடக்கு.

"சாமி துன்னுட்டாரு! துன்னுட்டாரு!"

ஊர் ஆர்ப்பரித்தது. மேளம் எகிறியது. லட்சுமணன் துண்டை மேலே வீசினான். திரௌபதிக்குச் சந்தோஷத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரம் பிழைத்தது. ஒன்பது வருஷம்! அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்தது. மறு மூச்சில் அவளுக்குப் பொறி தட்டியது. மாடு மெல்லவே இல்லையே.

சாமி கழுத்தை நீட்டினார். வாயைத் திறந்தார், மூடினார். நுரையாக எச்சில் கொட்டியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது.

"அருள் வந்துட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். "சாமி எறங்கிட்டாரு! அடிங்கடா!"

மேளம் இன்னும் வேகமாக முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கவுண்டர் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். இத்தனை வருஷப் படையலில் வேடியப்பன் மாட்டின் மேலேயே இறங்கியது இதுதான் முதல் தடவை. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண் முன்னாலேயே மாட்டின் இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கழுத்தின் நடுவில் ஒரு கை முஷ்டி அளவுக்குப் புடைப்பு.

"அடச்சிக்கிச்சு" என்றாள் திரௌபதி.

லட்சுமணன் அவள் தோளைப் பிடித்து அழுத்தினான். "வாய மூடு. சாமி ஏத்துக்கினாரு. மரம் தப்பிச்சுது. அத்தோட வுடு."

"செத்துப் போயிடும்யா."

"எடுத்தின்னா இவங்க இன்னா சொல்லுவாங்கன்னு தெரியும்ல? சாமி வாங்கினத நீ புடுங்கிட்டேன்னு சொல்லுவாங்க. மரம் போயிடும் புள்ள."

அது உண்மை. லட்சுமணன் முட்டாள் இல்லை. திரௌபதி மாட்டின் கண்ணைப் பார்த்தாள். விழி பிதுங்கி, வெள்ளை தெரிந்தது. அந்த வாயில் எச்சில் ஊறச் செய்தது யார்? வழக்கத்தில் இடுக்குப் பார்த்து நுழைந்தது யார்? பெருமையாக யோசித்து ஒரு வருஷம் போட்ட திட்டம், ஒரு வாயில்லா ஜீவனின் தொண்டையில் போய் நிற்கிறது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கூடையைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துங்கடா மேளத்த!"

அவள் குரலுக்கு மேளம் நின்றது.

"அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய் தொண்டையில அடச்சிக்கினு கீது. மூச்சு வுட முடியல. வயிறு உப்பறது தெரியல உங்களுக்கு? மாமா, எழுந்திருங்க. அந்தக் கோடாலிய எடுங்க."

"பொம்பள கை சாமி மேல…" என்று ஒருவர் இழுத்தார்.

கவுண்டர் மண்ணிலிருந்து தலையைத் தூக்கினார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு மாட்டைப் பார்த்தார். அதைக் கன்றிலிருந்து வளர்த்த கண் அது. ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. "ஐயோ, என் குட்டி" என்றார். அத்தனை பேர் முன்னால் சாமியை அவர் குட்டி என்று கூப்பிட்டதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. கோடாலியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கொம்ப புடிங்க ரெண்டு பேரு. ஜல்தி!"

லட்சுமணன் முதல் ஆளாகப் பாய்ந்து ஒரு கொம்பைப் பிடித்தான். இன்னொன்றைக் கவுண்டர் பிடித்தார். திரௌபதி கோடாலிக் காம்பைக் குறுக்காக மாட்டின் கடைவாயில் கொடுத்தாள். மாடு அதைக் கடித்துக்கொண்டு நின்றது. இனி வாய் மூடாது. இடது கையால் கழுத்துப் புடைப்புக்குக் கீழே அழுத்தி மேலே தள்ளினாள். வலது கையை வாய்க்குள் விட்டாள். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. உள்ளே சூடாக, வழவழவென்று இருந்தது. விரல் நுனியில் காய் தட்டுப்பட்டது, பிடித்தால் நழுவியது. மறுபடி கீழேயிருந்து தள்ளினாள். மாடு உதறியது. கடைவாய்ப் பல் அவள் கையைச் சிராய்த்துத் தோலை உரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் உள்ளே விட்டாள். ஏறுதா இறங்குதா என்று தெரியவில்லை. "வாடி, வாடி" என்று காயைக் கெஞ்சினாள். காம்பு விரலிடுக்கில் சிக்கியது. அப்படியே இழுத்தாள்.

காய் வந்தது. பின்னாலேயே பெரிய ஏப்பம் ஒன்று வந்தது; அந்த நாற்றத்தில் முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. மாடு கோடாலியைத் துப்பிவிட்டு, தலையை உதறி, மூசுமூசென்று மூச்சு வாங்கியது. கவுண்டர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

திரௌபதி நின்றாள். முழங்கை வரைக்கும் எச்சிலும் ரத்தமும். கையில் பச்சைக் காய், ஓரத்தில் ஒரே ஒரு பல் தடம்.

முதலில் வாய் திறந்தது செல்லம்மாதான். வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை, பதறிப்போய்த்தான் சொன்னாள். "போச்சேடி. சாமி வாங்கினத நீயே புடுங்கிட்டியே. மூணாம் வருஷமாச்சே."

எல்லோருடைய கண்ணும் மண்ணில் கிடந்த கோடாலிக்குப் போயிற்று. லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரௌபதி கையிலிருந்த காயைப் பார்த்தாள். புடவையில் துடைக்கக்கூட இல்லை. அப்படியே வாய்க்குக் கொண்டுபோய்ப் பல் தடம் இருந்த இடத்தில் ஓங்கிக் கடித்தாள். கடித்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. கல். புளிப்பும் துவர்ப்பும். அவள் மென்றாள். எல்லோரையும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள்.

"சாமி வாயிலேருந்து வந்தத ஊரு துன்னுமா, துன்னாதா?" என்றாள். "சாமை படைக்கறப்ப சிந்தினத மடியேந்தி துன்னீங்களே, அது இன்னா? இதுல சாமி பல்லு பட்டுக் கீது பாருங்க. அவரு வாய்க்குள்ள வாங்கினாரு. நான் துன்னுட்டேன். ஆவாதுன்னா என்னையும் மரத்தோட சேத்து வெட்டுங்க."

"அது தானா சிந்தினது. இது நீ எடுத்தது" என்றார் ஒருவர், பின்னாலிருந்து, அவ்வளவு உறுதியில்லாமல்.

"நான் எடுக்கலன்னா சாமியே இல்லியே அண்ணே, அப்புறம் யாருக்குப் படைப்பே?"

எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்து, முகத்தைத் துடைத்தார். கண்ணீரில் மண் குழைந்து முகமெல்லாம் அப்பியிருந்தது. கோடாலியிடம் போனார். குனிந்து எடுத்தார். காம்பில் பதிந்திருந்த பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் கோடாலியைக் கொண்டுபோய் நடுகல்லுக்குப் பின்னால் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, அவள் முன்னால் கையை நீட்டினார்.

"எனக்குக் குடு."

அவள் கடித்த மிச்சத்தைக் கொடுத்தாள். கவுண்டருக்குப் பல் ஒரு பக்கம்தான் உண்டு. ஒரு துண்டைக் கடித்து, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றி வெகுநேரம் மென்றார். மேளக்காரர் கோலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"இன்னாம்மா இது, கல்லாட்டம் கீது" என்றார். "இத்த வச்சுப் பழுக்க வச்சுல்ல சாமிக்குக் குடுத்திருக்கணும்?"

ஒன்பது வருஷமாக எதற்கும் பதில் வைத்திருந்த திரௌபதிக்கு அடக்க அடக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கூடையின் மேலிருந்த துணியை எடுத்தாள்.